குளத்து நீரும் கேணி நீரும்: ஒரு விருந்தினர் இல்லத்து நீச்சல் குளத்தில் மழைக்கால நீர்மட்டம்

பின்னணி

புதுச்சேரிக்குத் தெற்கே, கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், சவுக்குத் தோப்பை ஒட்டிய ஒரு சிறிய விருந்தினர் இல்லத்தின் நீச்சல் குளத்தில் 2024ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழையின்போது நடந்தவை இங்கே பதிவு செய்யப்படுகின்றன. இல்லத்தின் பெயரும் அதில் தொடர்புடையவர்களின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன. உரிமையாளர், மேலாளர், நெடுநாளாகக் குளத்தைப் பார்த்துவரும் பராமரிப்பாளர் ஆகிய மூவரும், நவம்பர் கடைசியில் ஆலோசனைக்கு அழைக்கப்பட்ட எங்கள் தரப்புமே இதில் முடிவெடுத்தவர்கள்.

குளம் 12 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்டது. தாழ்ந்த பக்கத்தில் 1.2 மீட்டரும் ஆழமான பக்கத்தில் 1.8 மீட்டரும் தண்ணீர் நிற்கும். மொத்தம் சுமார் 90,000 லிட்டர். சுவரும் அடித்தளமும் 20 செ.மீ. கனமுள்ள கம்பி கட்டிய கான்கிரீட். கரைக்கல் சுற்றுத் தரையைவிட 10 செ.மீ. மட்டுமே உயர்ந்திருக்கிறது. இது ஸ்கிம்மர் வகைக் குளம்; மேல்நீரை மிதக்கும் குப்பையோடு பம்புக்கு இழுக்கும் சுவர்த் திறப்பே ஸ்கிம்மர். எனவே நீர்மட்டம் ஸ்கிம்மர் வாயின் நடுவில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் பம்பு காற்றை இழுத்து ஓடும். வாய் முழுவதும் மூழ்கிவிட்டால் மேலே மிதக்கும் இலையும் தூசும் உள்ளே போகாமல் குளத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மிகுதி நீர் வெளியேற, கரைக்கல்லுக்குச் சற்றுக் கீழே இரண்டு அங்குலக் குழாய் ஒன்று பொருத்தப்பட்டு, தோட்டத்து உறிஞ்சுகுழியில் விடப்பட்டிருந்தது. பம்பு அறை தரைக்குக் கீழே 1.2 மீட்டர் பள்ளத்தில் இருந்தது.

பின்னால் நடந்தவற்றோடு தொடர்புடைய இரண்டு செய்திகளை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் குளத்தின் டைல்ஸை மாற்றியபோது, சுற்றியுள்ள நடைதளத்துக்குக் கடப்பா கல் பதித்தார்கள். அதன் வாட்டம் வெளிப்புறமாக இல்லாமல் குளத்தை நோக்கி அமைந்துவிட்டது. அடுத்து, கோடையில் குளத்துக்கு நாள்தோறும் ஒரு செ.மீ.க்கும் மேல் தண்ணீர் விட வேண்டியிருந்தது. இந்தப் பகுதியின் கோடை வெயிலில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஒரு நாளில் ஆவியாவது ஏறக்குறைய 5 அல்லது 6 மி.மீ. மட்டுமே. மீதி எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை. வெயிலின் தலையில் பழியைப் போட்டுவிட்டார்கள்.

மழைக்கு முன் கண்டவை

அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 15 அன்று தொடங்கியது. நவம்பர் கடைசி வாரத்தில் வங்கக் கடலில் உருவான தாழ்வு மண்டலம் தமிழகக் கரையை நோக்கி நகரத் தொடங்கியதும், மேலாளர் எங்களைக் கூப்பிட்டார். குளத்தை எவ்வளவு இறக்கி வைக்கலாம் என்பது ஒன்றே அவருடைய கேள்வி.

இல்லத்தின் பின்புறம், குளத்திலிருந்து சுமார் 15 மீட்டர் தள்ளி, உறை இறக்கிய பழைய கேணி ஒன்று இருக்கிறது. இப்போது அதில் யாரும் இறைப்பதில்லை. குளத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்தக் கேணியைத்தான் பார்த்தோம். கொத்தனார்கள் மட்டம் பிடிக்கும் டியூப் லெவலில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் குளத்துக் கரைக்கல்லிலும் மறுமுனையைக் கேணி உறையிலும் பிடித்து, கரைக்கல்லின் மட்டம் எதுவோ அந்த இடத்தில் உறையின் உட்புறம் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டோம். கயிற்றில் கட்டிய இரும்புத் துண்டை இறக்கி, கோட்டிலிருந்து தண்ணீர் எவ்வளவு கீழே நிற்கிறது என்று யார் வேண்டுமானாலும் அளந்துகொள்ளலாம். நவம்பர் 27 அன்று அது 1.5 மீட்டர், அதாவது தரையிலிருந்து 1.4 மீட்டர் ஆழம். கோடையில் அதே கேணியில் தண்ணீர் மூன்று மீட்டருக்கும் கீழே போய்விடும் என்று பராமரிப்பாளர் சொன்னார்.

கடலோர மணலில் நீர் தடையின்றி ஊடுருவும் என்பதால், 15 மீட்டர் தொலைவிலுள்ள கேணியின் மட்டத்தைக் குளத்தடி நீரின் மட்டமாகவே எடுத்துக்கொள்ள முடிந்தது. களிமண் நிலத்தில் இப்படிச் செய்யக் கூடாது. அங்கே குளத்தை ஒட்டியே துளையிட்ட பிவிசி குழாய் ஒன்றை இறக்கித்தான் அளக்க வேண்டும்.

குளத்தின் வரைபடத்தில், ஆழமான பக்கத்து அடி வடிகாலில் ஹைட்ரோஸ்டேட்டிக் வால்வு ஒன்று காட்டப்பட்டிருந்தது. நிலத்தடி நீரின் அழுத்தம் குளத்து நீரின் அழுத்தத்தை மிஞ்சும்போது இந்த வால்வு திறந்து, வெளி நீரைக் குளத்துக்குள் விட்டு, குளத்தின் கான்கிரீட் தொட்டி மேலே தூக்கப்படாமல் காக்கும். அது வேலை செய்கிறதா என்று அங்கிருந்த எவருக்கும் தெரியவில்லை. தண்ணீர் நிறைந்த குளத்தில் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. எனவே வால்வு இல்லை என்று வைத்துக்கொண்டே கணக்குப் போட்டோம்.

முதல் முடிவும் அதன் காரணமும்

இரண்டடி இறக்க வேண்டும் என்பது மேலாளரின் விருப்பம். வீராணத்தில் வெள்ளத்துக்கு முன்பே தண்ணீரைத் திறந்துவிட்டு இடம் வைப்பதைப் போலத்தான் இதுவும் என்று வாதிட்டார். முந்தைய ஆண்டுகளிலும் அப்படியே செய்து எந்தக் கெடுதலும் வரவில்லை என்றார். ஏரிக்குப் பொருந்துவது குளத்துக்குப் பொருந்தாது என்பதை அவருக்கு எண்களைக் கொண்டே விளக்க வேண்டியிருந்தது.

10 செ.மீ. மழை பெய்தால் குளத்தில் நேரே விழுவதால் நீர்மட்டம் 10 செ.மீ. ஏறும். அதே மழை மணலுக்குள் இறங்கும்போது, மணல் துகள்களுக்கு இடையேயுள்ள வெற்றிடத்தை மட்டுமே நிரப்ப வேண்டியிருக்கிறது. நிரம்பக்கூடிய இடம் மொத்தக் கொள்ளளவில் நான்கில் ஒரு பங்கு அல்லது ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், நிலத்தடி நீர் 40 முதல் 50 செ.மீ. வரை ஏறிவிடும். ஆகவே மழை நாளில் குளத்து நீரும் கேணி நீரும் ஏறும் வேகம் ஒன்றல்ல. குளத்தில் இடம் வைக்கிறோம் என்று இறக்கிவிட்டால், வெளியே உள்ள நீர் அதை எளிதில் முந்திவிடும்.

முந்தினால் என்ன ஆகும் என்பதற்கும் தோராயக் கணக்கு உண்டு. காலித் தொட்டியின் எடை சுமார் 60 டன். அதன் அடிப்பரப்பு ஏறக்குறைய 67 சதுர மீட்டர். சராசரியாகத் தரைக்கு 1.75 மீட்டர் கீழே இருக்கிறது. நிலத்தடி நீர் தரைமட்டம் வரை வந்தால் தொட்டியை 117 டன் விசையோடு மேலே தள்ளும். குளம் வழக்கமான மட்டத்தில் நிறைந்திருந்தால் தொட்டியும் தண்ணீரும் சேர்ந்து 150 டன், அசையாது. இரண்டடி இறக்கியிருந்தால் மொத்தம் 114 டன்தான். முந்தைய ஆண்டுகளில் கெடுதல் வராததற்குக் காரணம், அந்த ஆண்டுகளில் நிலத்தடி நீர் அவ்வளவு உயரம் வரவில்லை என்பதைத் தவிர வேறில்லை. முழுக்கக் காலி செய்த தொட்டியையோ, அடித்தளத்துக்கு மேல் 90 செ.மீ. நிலத்தடி நீர் நின்றாலே தூக்கிவிடும். பக்கத்து மண்ணின் பிடிப்பை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மழையில் ஊறிய மணலை நம்பி எதையும் சேர்ப்பது சரியல்ல என்பது எங்கள் கருத்து.

இறுதியில் 10 செ.மீ. மட்டும், அதாவது 6,000 லிட்டர், இறக்குவது என்று முடிவாயிற்று. இதுவும் மேலாளரின் மனநிறைவுக்காகவே ஒப்புக்கொள்ளப்பட்டது. மிகுதி நீருக்கு இடம் வைப்பதைவிட அது வழிந்து போகும் வழியைச் சரிசெய்வதே முக்கியம் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. உறிஞ்சுகுழியைத் திறந்து பார்த்தபோது அது ஏற்கெனவே பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. எனவே குளத்தின் தென்கிழக்கு மூலையில் கடப்பா கல் இரண்டைப் பெயர்த்து, தோட்டத்தின் தாழ்வான பகுதிக்கு ஓர் அடி அகலத்தில் வாய்க்கால் வெட்டப்பட்டது.

பம்பின் இரு பக்க வால்வுகளையும் அடைத்துவிட்டு, போல்ட்டுகளைக் கழற்றி, மோட்டாரை மேலே கொண்டுவந்து சமையலறைக்குப் பக்கத்துச் சேமிப்பு அறையில் வைத்தார் பராமரிப்பாளர். பம்பு அறையின் மின் இணைப்பு மெயினிலேயே துண்டிக்கப்பட்டது. பிறகு பல நாள் வடிகட்டல் நடக்காது என்பதால் குளோரின் அளவை வழக்கத்தைவிடச் சற்று உயர்த்தி வைத்தோம்.

புயலும் அதன் மறுநாட்களும்

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்று பெய்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் மேல் மழை பதிவாயிற்று. குளத்தின் மேல் நேரே விழுந்தது மட்டுமே 27,000 லிட்டருக்கும் அதிகம். நாங்கள் இறக்கிய 10 செ.மீ. அன்று காலையிலேயே காணாமல் போயிற்று.

வெட்டிய வாய்க்கால் பிற்பகல் வரை நன்றாகவே வேலை செய்தது. பிறகு சவுக்கு ஊசிகள் பாய்போலப் பின்னி அதன் வாயை அடைத்துக்கொண்டன. ஊசி இலை தண்ணீரில் மிதந்து வந்து எங்கே ஒரு சல்லடை இருக்கிறதோ அங்கே குறுக்கே படிந்துவிடும். இரண்டு அங்குலக் குழாயின் மூடியையும் அதுவே முதலில் அடைத்திருந்தது. இருட்டும் வரை பராமரிப்பாளர் மழைக்கோட்டோடு நின்று மண்வாரியால் வாரிப் போட்டார். இரவில் மின்சாரம் நின்றது. அதன்பின் யாரையும் வெளியே அனுப்பவில்லை. நடைதளத்து மண்ணும் செடிப்பாத்திகளின் சேறும், தவறான வாட்டத்தின் வழியே, குளத்துக்குள் இறங்கின.

டிசம்பர் 1 காலையில் கேணியில் தண்ணீர் தரைக்கு 20 செ.மீ. கீழே நின்றது. நான்கு நாட்களில் 1.2 மீட்டர் ஏறியிருந்தது. குளம் கரைக்கல்வரை நிறைந்து தேநீர் நிறத்தில் இருந்தது. பம்பு அறைக்குள் இடுப்பளவு தண்ணீர். மோட்டார் மேலே இருந்ததால் தப்பியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி, பாகூர், கடலூர் பக்கத்துத் தாழ்வான ஊர்களைச் சூழ்ந்தது. இல்லம் அந்த வெள்ளத்தின் வழியில் இல்லை என்றாலும், நிலத்தடி நீர் விரைவில் இறங்கும் என்று எதிர்பார்க்க இடமில்லாமல் போயிற்று.

தண்ணீரை இறைத்த பிற்பகல்

டிசம்பர் 3 அன்று, தோட்டத்தில் தேங்கிய நீரை இறைப்பதற்காக வாடகை டீசல் பம்பு ஒன்று வந்தது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு முன்பதிவுகள் இருந்ததால், அதே பம்பைக் குளத்தில் போட்டு முழுவதும் இறைத்து, சேற்றை வாரிக் கழுவி, புதுத் தண்ணீர் விட்டுவிடலாம் என்று உரிமையாளர் தீர்மானித்தார். சேறு படிந்த குளத்தைப் பார்க்கும் எவருக்கும் இயல்பாகத் தோன்றுவது இதுதான். செல்பேசி இணைப்பு சரியாக இல்லாததால் எங்களிடம் கேட்க முடியவில்லை.

நீர்மட்டம் கரைக்கல்லிலிருந்து இரண்டடிக்கும் சற்றுக் கீழே, ஏறக்குறைய 70 செ.மீ., இறங்கியபோது பராமரிப்பாளர் ஒன்றைக் கவனித்தார். வெளியே தெரிந்த டைல்ஸ் சுவரில் மேல்பகுதி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீரை ஒட்டிய ஒரு சாண் அளவுக்கு மட்டும் காயவே இல்லை. துணியால் துடைத்துப் பார்த்தார். டைல்ஸ் இணைப்புகளில் மறுபடியும் துளித்துளியாக நீர் அரும்பி வழிந்தது. கேணிக்குப் போய் இரும்புத் துண்டை இறக்கினார். சிவப்புக் கோட்டிலிருந்து 50 செ.மீ. கீழே தண்ணீர் இருந்தது. சுவரில் ஈரம் தொடங்கிய உயரமும் கரைக்கல்லிலிருந்து அதே 50 செ.மீ.தான்.

“ஐயா, வெளித் தண்ணி உள்ள வருது. இதுக்கு மேல இறைக்க வேணாம், குளம் கெளம்பிடும்” என்று அவர் உரிமையாளரிடம் சொன்னதாக மேலாளர் பின்னர் எங்களிடம் தெரிவித்தார். உரிமையாளர் தயங்கினாலும் பம்பை நிறுத்தச் சொன்னார். அன்றிரவு மழை இல்லை. குளத்துக்கு யாரும் தண்ணீர் விடவுமில்லை. மறுநாள் காலையில் நீர்மட்டம் 4 செ.மீ. ஏறியிருந்தது. 2,400 லிட்டர் சுவர் வழியாகவும் அடித்தளம் வழியாகவும் உள்ளே வந்திருக்கிறது.

அன்றைய நிலையில் குளத்தை முழுவதும் காலி செய்திருந்தால், மேல்நோக்கிய விசை 90 டன். தொட்டியின் எடை 60 டன். அரைநாள் கூடுதலாக இறைத்திருந்தால் ஆழமான பக்கம் முதலில் கிளம்பி, குழாய் இணைப்புகள் முறிந்திருக்கும் என்றே கருதுகிறோம். ஒருமுறை கிளம்பிய தொட்டியின் அடியில் மணல் புகுந்துவிடும். நீர் வடிந்தாலும் அது பழைய இடத்தில் உட்காராது.

நாங்கள் டிசம்பர் 4 அன்று போய்ச் சேர்ந்ததும் செய்த முதல் வேலை, போர் தண்ணீரை விட்டுக் குளத்தை மீண்டும் வழக்கமான மட்டத்துக்கு நிரப்பியது. கலங்கிய குளத்தில் நல்ல தண்ணீரை ஊற்றுவதைப் பார்த்து உரிமையாளர் மனம் வருந்தியது இயல்பே.

காலி செய்யாமல் தெளிய வைத்தது

மின்சாரம் திரும்பி, பம்பு அறையிலிருந்த நீரை வெளியேற்றி, மோட்டாரை மாட்டிய பிறகு தண்ணீரைச் சோதித்தோம். குளோரின் அறவே இல்லை. மழைநீர் கலந்ததால் மொத்தக் காரத்தன்மை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவிலிருந்து 60க்கு இறங்கியிருந்தது. இந்த நிலையில் படிகாரம் போட்டால் அது காரத்தன்மையை மேலும் தின்று, பிஹெச் அளவைச் சரித்துவிடும். எனவே முதலில் சுமார் 6 கிலோ சோடா உப்பு, அதாவது சமையல் சோடா, கரைத்துவிடப்பட்டது. பிறகு 1,000 லிட்டருக்கு 45 கிராம் கணக்கில் 4 கிலோ படிகாரத்தை வாளிகளில் கரைத்துப் பரவலாக ஊற்றி, நீர் போகும் வழியை மாற்றும் மல்டிபோர்ட் வால்வை, நீர் வடிகட்டிக்குள் போகாமல் சுற்றும் நிலையில் வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டி நிறுத்தினோம்.

காலையில் சேறு அடியில் படிந்து மேல்நீர் தெளிந்திருந்தது. படிந்ததை வடிகட்டிக்குள் இழுக்காமல், வால்வை வேஸ்ட் நிலையில் வைத்து, வாக்குவத்தால் மெதுவாக உறிஞ்சி நேரே வெளியே விட்டோம். அதே நேரத்தில் போர் தண்ணீர்க் குழாய் குளத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவர் வாக்குவம் பிடிக்க, இன்னொருவர் கேணிக்கும் குளத்துக்கும் நடந்து அளந்துகொண்டிருந்தார். குளத்து மட்டம் கேணி மட்டத்துக்கு ஒரு சாணாவது மேலே இருக்க வேண்டும் என்பதே அன்றைய ஒரே கட்டளை. முடிந்ததும் 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட் ஒன்றரைக் கிலோ கரைத்து, ஏறக்குறைய 10 பிபிஎம் அளவுக்கு ஷாக் குளோரின், அதாவது ஒரே தடவையில் மிகுதியான குளோரின், கொடுக்கப்பட்டது.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் மீண்டும் பெய்த மழை செய்த வேலையில் பாதியைக் கெடுத்தது. ஒருமுறைக்கு இருமுறையாக இதே முறையைச் செய்து, கிறிஸ்துமஸுக்குச் சில நாட்களுக்கு முன் குளம் திறக்கப்பட்டது. காலி செய்து கழுவியிருந்தால் மூன்று நாளில் முடிந்திருக்கும் என்று உரிமையாளர் அப்போதும் சொன்னார்.

கோடையில் தெரிந்தது

ஏப்ரல் இறுதியில் கேணி நீர் தரைக்கு 3 மீட்டருக்கும் கீழே போன பிறகுதான் குளத்தைக் காலி செய்ய ஒப்புக்கொண்டோம். அடி வடிகாலின் மூடியைக் கழற்றியபோது ஹைட்ரோஸ்டேட்டிக் வால்வு அங்கேயே இருந்தது. ஆனால் டைல்ஸ் பதித்த காலத்தில் அதன் மேல் வெள்ளை சிமெண்ட் பூசி ஒட்டுமொத்தமாக அடைத்திருந்தார்கள். தண்ணீர் ஒழுகும் இடம் என்று நினைத்து நல்லெண்ணத்தோடு செய்த வேலையாகத்தான் அது தெரிந்தது.

ஆழமான பக்கத்தில் அடித்தள டைல்ஸ் பல, கரண்டிக் காம்பால் தட்டியபோது பொத்தென்று ஒலித்தன. சுவரில் ஈரம் அரும்பிய இடங்களில் டைல்ஸைப் பெயர்த்துப் பார்க்கையில், கான்கிரீட் சரியாகக் குத்தி இறுகாத பொந்துகள் தெரிந்தன. கோடைதோறும் ‘வெயில் குடித்த’ தண்ணீர் இந்தப் பொந்துகள் வழியாகத்தான் மணலுக்குப் போயிருக்கிறது. மழைக்காலத்தில் அதே வழியாக வெளிநீர் உள்ளே வந்திருக்கிறது. நீர்க்கசிவை ஒரு வாளிச் சோதனையில் கண்டுபிடித்திருக்கலாம்: குளத்துப் படியில் தண்ணீர் நிறைத்த வாளியை வைத்து, வாளியின் மட்டமும் குளத்தின் மட்டமும் ஒரே அளவு இறங்குகின்றனவா என்று ஒரு நாள் பார்த்தால் போதும்.

மாற்றியவையும் மிச்சமிருப்பவையும்

பொந்துகள் அடைக்கப்பட்டு, நீர்புகாப் பூச்சுக்குப் பின் டைல்ஸ் மீண்டும் பதிக்கப்பட்டன. வால்வு புதிதாக மாற்றப்பட்டது. ஆண்டுக்கொரு முறை கோடையில் அதைக் கழற்றிக் கழுவ வேண்டும் என்று பராமரிப்புப் புத்தகத்தில் எழுதப்பட்டுள்ளது. வால்வு இருக்கிறது என்பதற்காக மழைக்காலத்தில் குளத்தை இறக்கலாம் என்று பொருளல்ல. மணல் புகுந்து அது சிக்கிக்கொள்ளக்கூடும். திறந்தாலும் உள்ளே வருவது கலங்கிய நிலத்தடி நீர்தான்.

நடைதளத்தின் வாட்டம் வெளிப்புறமாக மாற்றப்பட்டது. வழிநீர்க் குழாய் நான்கு அங்குலமாக்கப்பட்டு, உறிஞ்சுகுழிக்குப் பதிலாகத் தோட்டத்து வாய்க்காலில் விடப்பட்டது. எதிர்நீர் வராமலிருக்க ஒருவழி வால்வும் உண்டு. சவுக்கு ஊசிகளை ஐப்பசி பிறக்கும் முன்பே வாரிவிடுவதும், அக்டோபர் முதல் ஜனவரி வரை கேணியையும் குளத்தையும் ஒரே நேரத்தில் அளந்து எழுதுவதும் பராமரிப்பாளரின் பொறுப்பு. குளத்து மட்டம் கேணி மட்டத்துக்குக் கீழே போகும்படி யார் சொன்னாலும் பம்பை ஓட்டக் கூடாது என்ற அதிகாரமும் எழுத்தில் அவருக்கே கொடுக்கப்பட்டது. இந்த ஒன்றை மட்டும் செய்து மற்ற எதையும் செய்யாமல் விட்டிருந்தாலும் நாங்கள் குறை சொல்லியிருக்க மாட்டோம்.

பம்பு அறை இன்னும் பள்ளத்தில்தான் இருக்கிறது. அதைத் தரைக்கு மேலே கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் பரிந்துரை. செலவைக் காரணம் காட்டி உரிமையாளர் தள்ளிப்போட்டிருக்கிறார். மேலே கொண்டுவந்தால் பம்பு தானாக நீர் பிடிக்காது என்பதால், தானே நீர் இழுக்கும் வகைப் பம்பும் மாற்ற வேண்டியிருக்கும். அதுவரை ஒவ்வொரு புயல் எச்சரிக்கைக்கும் மோட்டாரைக் கழற்றி மேலே ஏற்றுவதே ஏற்பாடு.